கடைசி பெஞ்சில் மாமனார்

அத்தியாயம் 11

போன வாரம் கண்ணாடிச் சாமான் கடைக்காரரை மருமகளின் வகுப்பில், கடைசி பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நாம் பாட்டுக்கு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். அவர் அங்கேயே உட்கார்ந்திருக்கவில்லை. மணி அடித்ததும் எழுந்து, முழங்காலைப் பெஞ்சில் இடித்துக்கொண்டு, இரண்டு பக்கத்துக்கு ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். அந்த இரண்டு பக்கம்தான் இன்றைக்கு அந்த வீட்டில் யாரையும் ஓர் இடத்தில் இருக்கவிடவில்லை.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. மூன்று வருடமாக அந்தப் பெண்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பு அறிவியல் மார்க் மாடிப்படி இறங்குகிற மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. பள்ளி நிர்வாகக் குழுவில் தலைவரையும் சேர்த்து ஒன்பது பேர். ஏழு கூட்டங்களில் பெருமூச்சு விட்டபின், எட்டாவது கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டார்கள். உறுப்பினர்கள் ஆளுக்கொரு வகுப்பில் ஒரு பாடவேளை உட்கார வேண்டும். பார்த்ததை எழுத வேண்டும். கடைசியில் ‘நன்று’, ‘பரவாயில்லை’, ‘போதாது’ என்ற மூன்று கட்டங்களில் ஒன்றில் டிக் அடிக்க வேண்டும்.

எந்த வகுப்பு யாருக்கு என்று சீட்டுக் குலுக்கினார்கள். கடைக்காரருக்கு வந்தது ஒன்பது பி, அறிவியல். அங்கே டீச்சர் அவருடைய ஒரே மகனின் மனைவி என்பது மேஜையைச் சுற்றி இருந்த எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. அவரும் திறக்கவில்லை. ‘நன்று’ போட்டுவிட்டால் பள்ளியிலும் வேலை முடிந்தது, வீட்டிலும் நல்ல பேர் என்று மனசுக்குள் பேரம் முடித்துவிட்டார்.

போட்டதோ ‘போதாது’.

அது தொழில் புத்தி. விலை பேசும்போது அவர் வாய் ஆயிரம் பொய் சொல்லும். ‘அடக்க விலைக்கே தர்றேன்’ என்று சொல்லி அவர் விற்ற கோப்பைகளை அடுக்கினால் அடுத்த தெரு வரைக்கும் போகும். ஆனால் பில்லில் இரண்டாம் தரத்தை முதல் தரம் என்று முப்பது வருடத்தில் ஒரு தடவைகூட எழுதியதில்லை. பேனாவைத் தொட்டால் கை உண்மைக்குப் போய்விடும். வியாபாரிக்கு இருக்கக் கூடாத பழக்கம்.

இன்று காலை டீயில் சர்க்கரை இல்லை. ஒரு வாய் குடித்துவிட்டு மனைவியைப் பார்த்தார்.

“என்னைப் பார்க்காதீங்க. இன்னைக்கு டீ போட்டது உங்க மருமக,” என்றாள் அவள். “குடிச்சிட்டு நன்றா, பரவாயில்லையா, போதாதான்னு எழுதிக் குடுங்க.”

அறிக்கையின் நகல் ஒன்று சம்பந்தப்பட்ட டீச்சருக்கும் போகும் என்பது விதி. மருமகள் அதைப் படித்துக்கொண்டே வந்து நின்றாள். தோளில் பை, கையில் ஸ்கூட்டர் சாவி.

“முப்பத்தோரு நிமிஷம் நோட்ஸ் சொல்லி எழுதவச்சேன்னு போட்டிருக்கீங்க, மாமா. வாட்ச் பார்த்தா எழுதினீங்க?”

“பார்த்துத்தான்.”

“முப்பத்தி மூணு. ரெண்டு நிமிஷம் தள்ளுபடி குடுத்திருக்கீங்க.”

கடைக்காரர் சர்க்கரை டப்பாவைத் தேடினார். அது கண்ணில் படவில்லை.

“ஏம்மா, கோபத்துல எழுதினேன்னு நினைக்காத. அமிலத்துல போட்டா நீல லிட்மஸ் சிவப்பாகும்னு நீ சொல்ற. அதுங்க எழுதுதுங்க. எந்த நீலம், எந்தச் சிவப்புன்னு ஒண்ணுக்கும் தெரியல. பக்கத்துல இருந்த பொண்ணுகிட்ட கேட்டேன். லிட்மஸ்ங்கறது யாரோ ஒரு பெரிய மனுஷன் பேருன்னு நினைச்சிருக்கு.”

மாமியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மருமகளின் முகத்தைப் பார்த்ததும் அதை இருமலாக மாற்றினாள்.

“லேபுக்குக் கூட்டிட்டுப் போய் ஒரு தடவை காட்டினா தீர்ந்தது,” என்றார் கடைக்காரர்.

“நீங்க லேபைப் பார்த்திருக்கீங்களா?”

“திறப்பு விழாவுல பார்த்தேன்.”

“அதுக்கப்புறம்?”

கடைக்காரர் சர்க்கரையில்லாத டீயை இன்னொரு வாய் குடித்தார்.

“கூட்டம் மூணு மணிக்குத்தானே? அதுக்கு முன்னாடி போய்ப் பாருங்க, மாமா,” என்று சொல்லிவிட்டு அவள் இறங்கிப் போனாள். ஸ்கூட்டர் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக உறுமிவிட்டுக் கிளம்பியது.

“இன்னைக்கு அவளுக்குப் பணி நிரந்தரம் வருதில்ல?” என்றாள் மனைவி. “ரெண்டு வருஷமா தற்காலிகம். ஒவ்வொரு வருஷக் கடைசியிலயும் இருப்பேனா, போவேனான்னு நகத்தைக் கடிச்சிட்டு உட்கார்ந்திருக்கா. சனிக்கிழமை உங்க பையன் வெளியூர்லேர்ந்து வந்து என்னாச்சுன்னு கேப்பான். நான் பக்கத்து வீட்டுக்குப் போயிருவேன். நீங்களே சொல்லிக்குங்க.”

கடையில் அவரால் உட்கார முடியவில்லை. ஆறு டம்ளர் கொண்ட ஒரு செட்டை ஓர் அம்மாள் பாதி விலைக்குக் கேட்டாள். “எடுத்துக்கங்க,” என்றார். அவள் திடுக்கிட்டு டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். கீறல் எங்கே என்று தேடினாள். கிடைக்கவில்லை என்பதால் சந்தேகம் இன்னும் பெரிதாகி, வைத்துவிட்டுப் போய்விட்டாள். பதினொரு மணிக்கு அவர் கடையைப் பணியாளரிடம் விட்டுவிட்டுப் பள்ளிக்கு நடந்தார்.

தலைமை ஆசிரியையைப் பள்ளி முழுக்கப் ‘பெரிய டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் பீரோவைத் திறந்து, உள்ளே இருந்த இன்னொரு பெட்டியைத் திறந்து, லேப் சாவியை எடுத்தார். பிறகு ஒரு பதிவேட்டை நீட்டினார்.

“கையெழுத்து போடுங்க, ஐயா. உள்ளே ஏதாவது உடைஞ்சா நீங்க பொறுப்பு.”

“நான் கமிட்டி மெம்பர்மா.”

“யாரா இருந்தாலும்தான்.”

கதவு திறந்தது. கடைக்காரருக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. சுவர் நீளத்துக்குக் கண்ணாடி அலமாரிகள். டெஸ்ட் ட்யூப், பீக்கர், குடுவை என்று எல்லாம் வரிசை பிசகாமல் நின்றன. தூசி இல்லை, ஒரு விரல் ரேகை இல்லை. அவர் கடையில்கூட இவ்வளவு சுத்தம் கிடையாது. அருகில் போய்ப் பார்த்தார். பாதிச் சாமான்களின் கழுத்தில் வாங்கும்போது சுற்றிய காகிதம் அப்படியே இருந்தது. மேஜைகளில் இருந்த தண்ணீர்க் குழாய் ஒன்றைத் திருகினார். காற்று வந்தது.

சுவரில் அழகான கையெழுத்தில் ஓர் அட்டவணை. மாதம், பொருள், உடைந்தவை. கடைசிக் கட்டத்தில் மேலிருந்து கீழே வரை ‘இல்லை’, ‘இல்லை’, ‘இல்லை’. முப்பத்தாறு மாதத்துக்கு ‘இல்லை’.

“மூணு வருஷமா ஒண்ணுகூட உடையலையா?”

“எப்படி ஐயா உடையும்? யாரும் உள்ளே வரதில்லையே.”

“ஏன்?”

பெரிய டீச்சர் அவரை ஒரு நிமிடம் பார்த்தார். விளையாடுகிறாரா, நிஜமாகவே கேட்கிறாரா என்று நிதானித்தார்.

“உடைஞ்சா டீச்சர் சம்பளத்துல பிடிக்கணும்னு கமிட்டி ரூல் போட்டுச்சு. நாப்பது பிள்ளைங்க கையில நாப்பது கண்ணாடிக் குழாயைக் குடுத்துட்டு எந்த டீச்சர் நிம்மதியா நிப்பாங்க? ரூலுக்கு முன்னாடி உடைஞ்சதுக்கே முதல் மாசம் ஒருத்தர் கட்டினார். அடுத்த மாசத்துலேர்ந்து எல்லாரும் நோட்ஸ் சொல்ல ஆரம்பிச்சிட்டாங்க.”

“யார் போட்ட ரூல் அது?”

“நீங்க, ஐயா.”

கடைக்காரருக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. குழுவில் அவருடைய முதல் கூட்டம். ஒரு வருடத்தில் பதினொரு டெஸ்ட் ட்யூபும் இரண்டு பீக்கரும் உடைந்த கதையைச் சொல்லி எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். தன் கடையில் உடைத்தவர்தான் பொறுப்பு, அதனால்தான் ஆட்கள் கை பதறாமல் எடுக்கிறார்கள் என்று அவர் எழுந்து சொன்னார். மேஜையைத் தட்டிப் பாராட்டினார்கள். அந்தச் சத்தம் இரண்டு மாதம் அவர் காதிலேயே இருந்தது. மார்க் இறங்கத் தொடங்கியதும் அதே வருடம்தான். இரண்டையும் அவர் ஒருநாளும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை.

“உங்க மருமக லேபைத் திறக்கச் சொல்லி மூணு தடவை எழுதிக் குடுத்தாங்க,” என்று பெரிய டீச்சர் ஒரு கோப்பைப் பிரித்தார். மூன்று கடிதத்திலும் ‘குழு பார்வையிட்டது’ என்ற முத்திரை. கீழே ஒன்பது கையெழுத்து. அவருடையது சுழித்துச் சுழித்து, பார்க்க லட்சணமாக இருந்தது. கூட்டத்தில் டீ வருகிற நேரத்தில் காகிதங்கள் சுற்றி வரும். எல்லோரும் போடுவார்கள், அவரும் போட்டிருக்கிறார்.

“வீட்டுல எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“மாமனாரை வச்சு காரியம் சாதிச்சான்னு பேர் வந்துரும்னு சொல்வாங்க.”

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது தலைவர் அவரை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போனார். தலைவர் தொழிலில் பல் டாக்டர். வலிக்காது என்று சொல்லிக்கொண்டே வேலையை முடிக்கிறவர்.

“கடைக்காரரே, உங்க ரிப்போர்ட்டைப் படிச்சேன். அதை வாபஸ் வாங்கிடுங்க. மருமக நிரந்தரம் ரெண்டே நிமிஷத்துல பாஸ் ஆயிடும்.”

“வாங்கலைன்னா?”

“‘போதாது’ன்னு ரிப்போர்ட் இருந்தா, ஒன்பது பேர்ல அஞ்சு கை தூக்கினாத்தான் நிரந்தரம். இல்லைன்னா ஆறு மாசம் தள்ளிப் போகும்.”

“வாபஸ் வாங்கறேன். பதிலுக்கு அந்த லேப் ரூலை எடுத்துடுவோம்.”

டாக்டர் சிரித்தார். “அடுத்த மாசம் பள்ளிக்குத் தரச் சான்று குடுக்க ஆய்வுக்கு வராங்க. நம்மகிட்ட காட்டறதுக்கு இருக்கற ஒரே அழகு அந்த லேப்தான். மூணு வருஷத்துல ஒரு குழாய் உடையல! ஒண்ணு மருமக, இல்ல ரூல். ரெண்டையும் ஒரே பையில போட்டுக் கேக்காதீங்க.”

வாழ்நாள் முழுக்க ஒன்று வாங்கினால் இன்னொன்றைக் கொசுறாகக் கேட்டு வாங்கியே பழகிய மனுஷன். கடைசி விலை என்று எதிராளி சொன்னால் அது கடைசி இல்லை என்று அவருக்குத் தெரியும். ஆனால் இது நிஜமாகவே கடைசி விலை என்று டாக்டரின் கண்ணில் எழுதியிருந்தது.

அவர் ஒன்பது பி வகுப்பை நோக்கி அரை ஓட்டமாகப் போனார். ஜன்னல் வழியாக மருமகளைக் கைகாட்டி அழைத்தார். வகுப்பு முழுவதும் பேனாவை வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தது. அவள் வெளியே வந்தாள். நடந்ததை ஒரே மூச்சில் சொன்னார்.

“நீ என்னம்மா சொல்ற? வாபஸ் வாங்கட்டுமா?”

“எங்கிட்ட ஏன் கேக்கறீங்க?”

“உன் வேலைம்மா இது.”

“வாங்குங்கன்னு சொன்னா, பிள்ளைங்களை வித்துட்டேன்னு ராத்திரி எனக்குத் தூக்கம் வராது. வாங்காதீங்கன்னு சொன்னா, நாளைக்கு வேலை போனப்ப நீயேதானே சொன்னன்னு நீங்க சொல்வீங்க. ரெண்டு பழியும் எனக்கு வேண்டாம், மாமா. எழுதினது உங்க பேனா. நீங்களே பார்த்துக்குங்க.”

அவள் உள்ளே போனாள். “எங்க விட்டோம்?” என்று அவள் கேட்பதும், “உப்பும் நீரும் உண்டாகும், டீச்சர்!” என்று நாற்பது குரல் சொல்வதும் அவர் காதில் விழுந்தது.

கூட்டத்தில் அவர் அறிக்கையை வாபஸ் வாங்கவில்லை. எழுந்து நின்று சத்தமாகப் படித்தார். லிட்மஸ் பெரிய மனுஷனான இடத்தில், உறுப்பினர்களில் ஒருவரான மரக்கடைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“இன்னும் முடியல,” என்றார் கடைக்காரர். “கடைசியில ‘குறைக்குக் காரணம்’னு ஒரு கட்டம் இருக்கு. அதை நான் காலியா விட்டிருந்தேன். இப்ப எழுதறேன்.” பேனாவை எடுத்து, எழுத எழுதப் படித்தார். “காரணம், மூன்று வருடம் முன்பு இந்தக் குழு போட்ட லேப் தீர்மானம். முன்மொழிந்தவர், நான்.”

சிரிப்பு நின்றது.

“நல்ல ரூல்தானே அது?” என்றார் டாக்டர். “ஒண்ணுகூட உடையலையே.”

“டாக்டர், என் கடையில வாரத்துக்கு நாலு கோப்பை உடையும். ஒண்ணுமே உடையாத நாள் எதுன்னு தெரியுமா? கடைக்கு லீவு விட்ட நாள். நாம லேபுக்கு மூணு வருஷமா லீவு விட்டிருக்கோம். விட்டுட்டு, நோட்ஸ் சொல்றாங்கன்னு டீச்சர்களைப் பிடிக்கிறோம். ஆய்வுக்கு வரவங்களும் முட்டாள் இல்ல. அலமாரியைப் பார்த்ததும் பிள்ளைங்க பக்கம் திரும்பிக் கேப்பாங்க. அப்ப இந்தப் பள்ளியில லிட்மஸுக்குச் சிலை வைக்கணும்னு எந்தப் பொண்ணாவது சொல்லும்.”

கால் மணி நேரம் ஆளாளுக்குப் பேசினார்கள். உடைந்தால் யார் வாங்கித் தருவது, கையைக் கிழித்துக்கொண்டால் யார் பதில் சொல்வது, பெற்றோர் வந்து சத்தம் போட்டால் எந்தப் பக்கமாக ஓடுவது. கடைக்காரர் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக இறங்கிப் பேசினார். உடைவதற்கென்று வருடத்துக்கு இத்தனை என்று குழுவே ஒதுக்கிவிடலாம், டீச்சர் தலையில் கட்ட வேண்டாம் என்றார். இந்த மனுஷன் மூன்று வருடம் முன்பு இதே வாயால்தான் நேர்மாறாகப் பேசினார் என்று யாருக்கும் எரிச்சல் வரவில்லை. நல்ல விற்பனை என்றால் அப்படித்தான்.

ஐந்து கை எழுந்தது. தீர்மானம் ரத்து. நாளை முதல் லேப் திறந்திருக்கும் என்று பெரிய டீச்சர் குறித்துக்கொண்டார். 

“அடுத்தது பணி நிரந்தரம்,” என்றார் டாக்டர். அவர் குரலில் மருந்து வாசனை அடித்தது. “ஒன்பது பி அறிவியல் டீச்சர். ரிப்போர்ட் ‘போதாது’. ஆதரிக்கிறவங்க கை தூக்கலாம்.”

பெரிய டீச்சருக்கு அங்கே ஓட்டு கிடையாது. அவர் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கை. இரண்டு. மூன்று. சற்றுப் பொறுத்து நான்காவது.

கடைக்காரரின் கை தோள்வரைக்கும் வந்துவிட்டது. அப்போதுதான் மரக்கடைக்காரர் பக்கத்து ஆளிடம் குனிந்தார். தாழ்வாகத்தான் சொன்னார். ஆனால் மர அறுவைச் சத்தத்துக்கு நடுவே பேசிப் பழகின தொண்டை.

“பார்த்துக்க. இவ்வளவு நேரம் பேசினது எல்லாம் எதுக்குன்னு இப்பத் தெரியும்.”

பாதி வழி வந்த கை, காதைச் சொறிந்துவிட்டுக் கீழே இறங்கியது.

“கடைக்காரரே?” என்றார் டாக்டர்.

“நான் மாமனார். இதுல நான் கலந்துக்கறது முறையில்லை.”

“இப்பதான் மாமனார்ங்கறது ஞாபகம் வந்துச்சா?”

நான்கு கை. ஆறு மாதத்துக்குத் தள்ளிவைப்பு. டாக்டர் எழுதி முடித்துப் பேனாவை மூடினார். நிஜமாகவே அவருக்கு வலிக்கவில்லை.

பள்ளி விட்டு வெகுநேரம் ஆகியும் மருமகள் கேட்டருகே ஸ்கூட்டரில் சாய்ந்து நின்றிருந்தாள். கையில் ஃபோன். கடைக்காரர் வராந்தாவின் மறுமுனையிலிருந்து வந்தார். நடை வேகமாகத் தொடங்கி, அவளை நெருங்க நெருங்கக் குறைந்தது.

“ரூல் என்னாச்சு, மாமா?”

“போயிருச்சு. நாளைக்குலேர்ந்து லேப் திறந்திருக்கும்.”

அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. காலையிலிருந்து அவர் பார்க்காத வெளிச்சம். அதை அப்படியே வைத்துக்கொண்டு ஓடிவிடலாம்போல் இருந்தது அவருக்கு.

“என்னோடது?”

“ஆறு மாசம் தள்ளி வச்சிருக்காங்க.”

“எத்தனை கை?”

“நாலு.”

“அஞ்சு வேணும்ல?” அவள் விரலை மடக்கவில்லை. கண்ணாலேயே எண்ணினாள். “ரூலுக்கு எத்தனை?”

“அஞ்சு.”

“அந்த அஞ்சாவது கை என்னோட முறை வந்தப்ப எங்க போச்சு, மாமா?”

கடைக்காரர் வாயைத் திறந்தார். விலை சொல்ல ஆயிரம் வார்த்தை தெரிந்த வாய். முறை என்று ஆரம்பித்தார், பேர் கெட்டுப்போகும் என்றார், மரக்கடைக்காரர் என்றார். ஒன்றும் முழு வாக்கியமாக வரவில்லை. அவள் குறுக்கே பேசவில்லை. முழுவதும் கேட்டுக்கொண்டாள்.

“ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கற பள்ளிக்கூடத்துலேர்ந்து ரெண்டு மணிக்கு ஃபோன் பண்ணினாங்க,” என்றாள். “அவங்களுக்கு அறிவியலுக்கு ஆள் வேணுமாம். முதல் நாள்லேர்ந்தே நிரந்தரம். இங்க முடிவு தெரியட்டும்னு சொல்லி வச்சேன்.”

“என்னைக்குள்ள சொல்லணும்?”

“நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்குள்ள.”

ஸ்கூட்டரைக் கிளப்பினாள். அவர் பின்னால் ஏறிக்கொள்ளலாமா, நடந்தே வர வேண்டுமா என்று தெரியாமல் நின்றார். அவள் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

“லேபை எத்தனை மணிக்குத் திறப்பாங்க?”

“எட்டரைக்கு.”

“அப்ப ஒன்பதுக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கு,” என்றாள். அதை யாருக்காகச் சொன்னாள் என்று அவருக்குத் தெரியவில்லை.